காலை 6 மணிக்கே உடுத்தி உட்கார வைத்திருக்கிறார்கள்: கேர் ஹோமில் இரவு நேரத்தை யார் பார்ப்பது?

ஹரோ_மகள் | 11 ஜனவரி, இரவு 9:42

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரமாக மனதில் கிடந்து உறுத்துகிறது.

அப்பாவுக்கு 84 வயது. மறதி நோய் வந்து நான்கு வருடம். லண்டனுக்கு வடமேற்கே ஒரு கெயார் ஹோமில் 14 மாதமாக இருக்கிறார். பகலில் பார்க்கும் பிள்ளைகள் நல்லவர்கள், சாப்பாடு பரவாயில்லை, அறை சுத்தம். வாரத்தில் மூன்று நாள் பின்னேரம் 4 மணிக்குப் போய் 7 மணி வரை இருப்பேன். ஒரு குறையும் என் கண்ணில் பட்டதில்லை.

டிசம்பர் கடைசியில் ஒருநாள் கணவரை ஹீத்ரோவில் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், ஏதோ தோன்றி, அப்பாவை எட்டிப் பார்ப்போம் என்று போனேன். மணி 6:10. வெளியே கும்மிருட்டு. மணியடித்து ஐந்து நிமிடம் கழித்துத்தான் கதவு திறந்தது. லவுஞ்சில் ஒரே ஒரு விளக்கு. சுவர் ஓரமாகக் கதிரைகளில் 11 பேர். எல்லோரும் கழுவி, உடுத்தி, தலை வாரிய கோலத்தில். எல்லோரும் நித்திரை. அப்பா ஜன்னல் ஓரம் இருந்தார். சட்டையில் ஒரு பொத்தான் மாறிப் பூட்டியிருந்தது. காலில் சப்பாத்து இருந்தது, காலுறை இல்லை. தொட்டுப் பார்த்தேன், ஐஸ் மாதிரிக் குளிர்ந்து கிடந்தது. பக்கத்து மேசையில் ஒரு கப் தண்ணீர்கூட இல்லை. காலைச் சாப்பாடு 8:30க்குத்தான்.

"அவரே எழும்பிவிட்டார்" என்று இரவுப் பணியில் இருந்த பெண் சொன்னார். என்னால் நம்ப முடியவில்லை. அப்பா 1988ல் இங்கே வந்தவர். 22 வருடம் பெற்றோல் ஷெட்டில் இரவு டில்லில், அதாவது காசு வாங்கும் இடத்தில், நின்றவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. படுப்பது விடியற்காலை 3 மணி, எழும்புவது 10 மணி. அம்மா இருந்தவரை எங்கள் வீட்டில் 10 மணிக்கு முன் கிரைண்டர் சத்தம் கேட்காது.

அடுத்த நாள் மேலாளரிடம் கேட்டேன். டேப்லெட்டில் பதிவைக் காட்டினார். "5:40. தானாக விழித்தார். விருப்பத்துடன் கழுவி உடுத்திக்கொண்டார்." மூன்று வாரப் பதிவை நகர்த்திப் பார்த்தேன். அதே வரி, அதே சொற்கள், ஒவ்வொரு நாளும். நேரம் மட்டும் ஐந்து பத்து நிமிடம் முன்பின்.

இது வழக்கமாக நடப்பதுதானா? யாரிடம் போவது? அறையில் கேமரா வைக்கலாமா?

இரவுப்பணி_திருச்சி | 11 ஜனவரி, இரவு 11:15

அக்கா, வழக்கமாக நடப்பதுதான். நானே செய்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

2022ல் கேரர் வேலைக்கு விசா தர ஆரம்பித்தபோது வந்தவன் நான். மூன்று வருடமாக நைட். இரவு 8 முதல் காலை 8. முதலில் இருந்த ஹோமில் 34 பேருக்கு இரண்டு கேரர், ஒரு சீனியர். துணி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கும். 10 அறை எண்கள். மேலே தலைப்பு எதுவும் இருக்காது. முதல் நாள் கூட வேலை பார்த்தவர் கதவைத் திறந்து காட்டிவிட்டு, "இவங்க எட்டு மணிக்குள்ள ரெடியா இருக்கணும்" என்று சொன்னார். அவ்வளவுதான் பயிற்சி.

34 பேரையும் பகல் ஆட்களால் ஒரே நேரத்தில் எழுப்பி உடுத்த முடியாது. அதனால் 10 பேர் எங்கள் கணக்கு. பத்துப் பேரை 8 மணிக்குள் முடிக்க வேண்டுமென்றால் 5 மணிக்கே ஆரம்பிக்க வேண்டும். ஒருநாள் ஆறு பேரைத்தான் எழுப்பினோம். காலையில் பகல் ஆட்களிடம் பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்ட்ஓவரில் பகல் சீனியர் பேசிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது.

அந்தப் பட்டியலில் யார் இருப்பார்கள் தெரியுமா? "எனக்கு வேண்டாம், போ" என்று கத்துகிறவர் இருக்க மாட்டார். மறதி உள்ளவர், பேச முடியாதவர், காலையில் பார்க்க யாரும் வராதவர், இவர்கள்தான். 90 வயது தாண்டிய ஒரு ஆங்கிலேயப் பாட்டி. 5:10க்கு விளக்கைப் போட்டதும் கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். ஒருமுறை என்னை நிமிர்ந்து பார்த்து, "வெளியே இன்னும் இருட்டாகத்தானே இருக்கிறது, தம்பி?" என்கிற மாதிரி கேட்டார். நான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்து எழுப்பினேன். அந்த விரல்கள் எனக்கு மறக்காது.

சொல்லியிருக்கலாமே என்பீர்கள். விசாவுக்குப் பொறுப்பேற்ற முதலாளிதான் ஸ்பான்சர். அந்த ஸ்பான்சர் போனால் பொதுவாக 60 நாளுக்குள் வேறு ஸ்பான்சர் பிடிக்க வேண்டும். ஊரில் கடன். வாயைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போது வேறு ஹோம், அங்கே அந்தத் தாள் கிடையாது. அதனால்தான் இவ்வளவும் எழுத முடிகிறது.

சவுத்தால்_செல்வன் | 12 ஜனவரி, காலை 7:20

யோசிக்கவே வேண்டாம், கேமரா வையுங்கள். 2012ல் பிபிசியில் ஒரு நிகழ்ச்சி வந்ததே. லண்டனில் ஒரு மகள், தாயின் அறைக் கடிகாரத்துக்குள் கேமராவை ஒளித்து வைத்துத்தான் அடித்த ஆளைப் பிடித்தார். அவன் ஜெயிலுக்கும் போனான். ஆதாரம் இல்லாமல் போனால் யாரும் நம்ப மாட்டார்கள்.

முன்னாள்_மேலாளர் | 12 ஜனவரி, மதியம் 1:05

கேமராவால் நன்மை நடந்திருக்கிறது, அதை நான் மறுக்க மாட்டேன். அடி, உதை, திருட்டு என்று சந்தேகம் இருந்தால் நானே வைக்கச் சொல்வேன். தரக் கண்காணிப்பு ஆணையமான சிக்யூசியும் 2015ல் குடும்பங்களுக்காக இதைப் பற்றி விளக்கம் வெளியிட்டது. முடிவெடுக்கும் நிலையில் அப்பா இருந்தால் அவருடைய சம்மதம் வேண்டும். இல்லையென்றால் அவருடைய நலனுக்கு அது தேவை என்று காட்ட முடிய வேண்டும். உடம்பு கழுவுவது, சிறுநீருக்காகக் கட்டும் பேட் மாற்றுவது எல்லாம் அதில் பதியும் என்பதையும் யோசியுங்கள்.

ஆனால் உங்கள் விஷயத்தில் கேமரா என்ன காட்டும்? 5:40க்கு ஒருவர் வந்தார், அன்பாகவே எழுப்பினார், உடுத்தினார், கூட்டிப் போனார். நீங்கள் கண்ணால் பார்த்ததைத்தான் அதுவும் காட்டும். ஏன் 5:40 என்பது அந்த அறையில் இல்லை, ஹேண்ட்ஓவரில் இருக்கிறது. திருச்சித் தம்பி அதைச் சரியாகச் சொல்லிவிட்டார்.

நான் 19 வருடம் மூன்று ஹோம்களில் வேலை பார்த்தேன், கடைசி எட்டு வருடம் மேலாளராக. இரவு ஆட்களைக் கண்காணிப்பது என்றால் எல்லோருக்கும் ஒரே படம்தான் மனதில் வரும்: நாற்காலி இரண்டைச் சேர்த்துப் போட்டுப் போர்வையோடு தூங்குகிற கேரர். அதுவும் நடக்கிறது, நான் பிடித்திருக்கிறேன். அதைவிட அதிகம் நடப்பது, ஓயாமல் வேலை செய்யும் ஆட்கள் தவறான வேலையைச் செய்வது. அவர்களிடம் நாம் கேட்பது "எத்தனை பேர் ரெடி?" என்றால், அவர்கள் கொடுப்பதும் அதுவாகத்தான் இருக்கும்.

நான் மேலாளரான முதல் வருடம் 5 மணிக்குச் சொல்லாமல் போனேன். லவுஞ்சில் ஒன்பது பேர். தாளைக் கிழித்துப் போட்டேன். அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தது என் தவறு. தாள் போனது, கணக்கு போகவில்லை, எல்லோருக்கும் மனப்பாடம். காலைச் சாப்பாட்டு நேரத்தை 7:30 முதல் 10:30 வரை என்று நீட்டிய பிறகுதான் மாறியது. அதற்குச் சமையலறை ஒப்புக்கொள்ள ஒரு மாதம் ஆயிற்று. 8 மணி மாத்திரைச் சுற்றையும் மாற்ற வேண்டியிருந்தது. காலையில் ஒரு ஆளைக் கூடுதலாகப் போட உரிமையாளரிடம் மல்லுக்கட்டினேன். அதற்குப் பிறகுதான் ஹேண்ட்ஓவரில் கேள்வி மாறியது: "இன்னும் தூங்குகிறவர் யார் யார், அவர்களை எழுப்ப வேண்டாம்."

உங்கள் கேள்விக்கு வருகிறேன். முதலில் மேலாளருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். இங்கிலாந்தில் பராமரிப்புச் சேவைகளுக்கான 2014 விதிமுறைகளின் 9ஆவது விதி ஆளுக்கேற்ற பராமரிப்பு பற்றியது, 10ஆவது மரியாதை பற்றியது. இரண்டையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். கூடவே மூன்று பதிவுகளைக் கேளுங்கள். அப்பாவை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதி வைத்திருக்கும் கேர் பிளானில் தூக்கம் பற்றி என்ன எழுதியிருக்கிறது. கடந்த மூன்று மாத இரவுப் பதிவுகள். அழைப்பு மணியின் பதிவு. பல ஹோம்களில் மணி எப்போது அடித்தது, எத்தனை நிமிடத்தில் அணைந்தது என்பதைக் கருவியே பதிந்து வைக்கும், அதைக் கையால் திருத்துவது எளிதல்ல. இரவு முழுக்க ஒரு அறையில் இருந்து மணியே அடிக்கவில்லை என்றால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. மணியின் கயிறு கைக்கு எட்டாத இடத்தில் கிடக்கலாம்.

சிக்யூசிக்கும் தெரியப்படுத்துங்கள். தனிப் புகாரை அவர்கள் தீர்த்துவைக்க மாட்டார்கள், ஆனால் அடுத்த சோதனைக்கு விடியற்காலையில் வருவதற்கு அது காரணமாகலாம். அப்படி வந்து எண்ணிப் பார்த்த சோதனைகள் உண்டு. ஹோம் கொடுக்கும் பதில் திருப்தியில்லை என்றால் புகார்களை விசாரிக்கும் உள்ளாட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஆம்பட்ஸ்மேன் இருக்கிறது. கட்டணம் இல்லை, சொந்தப் பணம் கட்டி இருப்பவர்களும் போகலாம்.

ஈஸ்ட்ஹாம்_மருமகள் | 12 ஜனவரி, இரவு 8:30

எல்லோரும் இரவுப் பணியாளர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. என் தங்கை நைட் செய்கிறாள். 12 மணி நேரம், தனி ஆளாக ஒரு மாடி முழுக்க. ஒருவர் விழுந்தால் தூக்கவே இரண்டு பேர் வேண்டும், கீழே இருந்து ஆள் வரும்வரை தரையில் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருப்பாளாம். ஹரோ அக்காவின் அப்பா 5:30க்கு நனைந்திருக்கலாம். மாற்றும்போது முழித்துக்கொண்டால் மறதி உள்ளவர் மறுபடி படுப்பாரா? தனியே எழுந்து நடந்து விழுந்தால் அதற்கும் அவளைத்தானே கேட்பார்கள்? லவுஞ்சில் கண் முன்னால் வைத்திருப்பது பாதுகாப்பு என்றும் நினைத்திருக்கலாமே.

ஹரோ_மகள் | 12 ஜனவரி, இரவு 9:55

ஈஸ்ட்ஹாம் அக்கா, நீங்கள் சொல்வது நியாயம். அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருடைய கண்ணும் சிவந்துதான் இருந்தது. ஆனால் 4 மணிப் பதிவில் "பேட் உலர்ந்திருக்கிறது, நல்ல நித்திரை" என்று இருக்கிறது. நல்ல நித்திரையில் இருந்தவரை ஒன்றரை மணி நேரத்தில் எழுப்பியிருக்கிறார்கள். 11 பேரும் ஒரே நேரத்தில் நனைந்திருக்கவும் மாட்டார்கள்.

கேர் பிளானை வாங்கிப் பார்த்தேன். தூக்கம் என்ற தலைப்பின் கீழே இரண்டே வரி. "இரவு 9 மணிக்குப் படுக்கை. இரவில் அமைதியின்மை உண்டு." 22 வருட இரவு வேலை பற்றி ஒரு சொல் இல்லை. அங்கே அவரைச் சேர்த்த அன்று ஒரு படிவம் தந்தார்கள், அதில் பிடித்த உணவு, மதம், தொலைக்காட்சி எல்லாம் எழுதினேன். இதை எழுதத் தோன்றவில்லை எனக்கும்.

டூட்டிங்_மகன் | 13 ஜனவரி, காலை 10:12

எங்களுக்கு இதே பிரச்சினை தலைகீழாக வந்தது. அம்மா வாழ்நாள் முழுக்க 4:30க்கு எழும்பியவர். முகம் கழுவி, விபூதி பூசி, கிழக்கே பார்த்து ஐந்து நிமிடம் நின்று, பிறகு தேத்தண்ணி. 79 வயதில் ஹோமுக்குப் போனதும் அதே நேரத்தில் எழும்பி நடையில் நடக்க ஆரம்பித்தார். இரவுப் பணியாளர் திருப்பிக் கொண்டுபோய்ப் படுக்க வைப்பார். அம்மா மறுபடி வருவார். மறுபடி படுக்க வைப்பார். ஆறு மணி ஆகும்போது அம்மா அழுதுகொண்டு கையைத் தட்டிவிடுவாராம். பதிவில் "முரட்டுத்தனம்" என்று ஏறிவிட்டது. அடுத்த வாரமே டாக்டர் வந்து, அமைதிப்படுத்தும் மாத்திரை ஒன்று ஆரம்பிக்கலாமா என்று கேட்டார்.

இந்த இடத்தில்தான் எல்லோரும் கவனமாக இருக்க வேண்டும். மறதி உள்ளவர்களுக்கு மனநோய் மாத்திரை கொடுப்பது பற்றி 2009ல் இங்கிலாந்து அரசுக்காக ஒரு அறிக்கை வந்தது. பேராசிரியர் சூப் பானர்ஜி எழுதியது. சுமார் 1,80,000 பேருக்கு அந்த மாத்திரைகள் போகின்றன, அதனால் வருடத்துக்குச் சுமார் 1,800 மரணங்கள் கூடுதலாக நடக்கின்றன என்று மதிப்பிட்டார். பக்கவாத அபாயமும் கூடுகிறது. காலையில் சாமி கும்பிட எழும்பிய மனுஷிக்கு எதற்கு அந்த மாத்திரை?

நான் ஒரு பக்கத்தில் அம்மாவின் நாள்முறையை எழுதிக் கொடுத்தேன். 4:30க்கு எழும்பினால் எழும்பட்டும். வாஷ்பேசினுக்குக் கூட்டிப்போய் முகம் கழுவ விடுங்கள். விபூதிச் சிமிழ் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஜன்னல் கிழக்குப் பக்கம், திரையை விலக்குங்கள். பால் தேத்தண்ணி, இரண்டு கரண்டி சீனி. பிறகு கதிரையில் உட்கார்ந்து தானே ஒரு மணி நேரம் தூங்குவார். அம்மாவுக்கு ஆங்கிலம் மறந்துபோய்விட்டது, அதனால் "தண்ணி", "நோகுதா", "இருங்கோ" என்ற மூன்று சொல்லையும் அவர்கள் எழுத்தில் உச்சரிப்போடு எழுதி ஒட்டினேன். கானா நாட்டுக் கேரர் ஒருவர் "இருங்கோ அம்மா" என்று அவ்வளவு அழகாகச் சொல்வார். மாத்திரை வரவே இல்லை.

பார்கின்சன்_குடும்பம் | 13 ஜனவரி, மாலை 6:40

ஒரு எச்சரிக்கை மட்டும். எல்லாவற்றையும் தூக்கத்துக்காகத் தள்ளிப்போட முடியாது. என் மாமாவுக்குப் பார்கின்சன் நோய்க்கான லீவோடோபா மாத்திரை குறித்த நேரத்தில் இருந்து 30 நிமிடத்துக்குள் போயாக வேண்டும், சிகிச்சைத் தரங்களை வகுக்கும் நைஸ் அமைப்பின் தரக்குறிப்பிலேயே அது இருக்கிறது. தவறினால் உடம்பு விறைத்துவிடும். மாத்திரை நேரத்தைக் கேர் பிளானில் தனியாக எழுதுங்கள். 7 மணிக்கு மாத்திரையைக் கொடுத்துவிட்டு மறுபடி படுக்க விடலாம். எழுப்புவது வேறு, எழுப்பி உடுத்தி உட்கார வைப்பது வேறு.

கோவை_வாசகர் | 14 ஜனவரி, காலை 6:05

பொங்கல் வாழ்த்துகள். நீங்கள் எல்லோரும் பேசுவதைப் படிக்கும்போது ஏக்கமாக இருக்கிறது. அப்பா இங்கே கட்டணம் வாங்கும் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். 5 மணிக்கு எழுப்புவது அப்பாவுக்குப் பிரச்சினை இல்லை, காபி வந்தால் போதும் அவருக்கு. ஆனால் மார்கழிக் குளிரில் 5:30க்குள் எல்லோரையும் குளிப்பாட்டி முடித்துவிடுகிறார்கள். ஹீட்டரில் நாலு பேருக்குத்தான் வெந்நீர் வரும், ஐந்தாவது ஆளுக்குப் பச்சைத் தண்ணீர்தான். இரவு 6:30க்குச் சாப்பாடு, அதற்குப் பிறகு காலைவரை ஒன்றும் கிடையாது. ராத்திரி ஒரு மாடிக்கு ஒரே அட்டெண்டர். 9 மணிக்கு மேல் கேட்டைப் பூட்டிச் சாவியை அவர் இடுப்பில் செருகிக்கொண்டு படுத்துவிடுகிறார். நெருப்பு பிடித்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்குத் தூக்கம் போய்விடுகிறது.

2007ல் பெற்றோர் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது. ஆனால் விடியற்காலையில் வந்து கதவைத் தட்டும் அதிகாரி யாரையும் நான் பார்த்ததில்லை. முதியோர் உதவி எண்ணான 14567 எல்டர்லைனில் பேசினேன், கேட்டுக்கொண்டார்கள், வழியும் சொன்னார்கள். அப்பாவோ "சும்மா இரு, நாளைக்கு நான்தானே இங்க இருக்கணும்" என்கிறார். அதற்கு என்ன பதில் சொல்வது?

முன்னாள்_மேலாளர் | 14 ஜனவரி, இரவு 7:50

கோவைத் தம்பிக்கு. அப்பா சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். பழிவாங்குவார்களோ என்ற பயம் இங்கேயும் உண்டு, இத்தனை சட்டம் இருந்தும். அதனால் புகாராகப் போகாமல், இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து போங்கள். அவர் பெயர் தனியாகத் தெரியாது. முதல் கோரிக்கை சாவியாக இருக்கட்டும்: கேட் சாவி ஒன்று சுவரில் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில். அதற்கு யாரும் மறுப்புச் சொல்ல முடியாது. அடுத்தது இரவு 9 மணிக்கு ஒரு டம்ளர் பால், இரண்டு பிஸ்கட். இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன்: 6:30க்குச் சாப்பிட்ட வயிறு 2 மணிக்குப் பசிக்கும். பசித்தவர் நடப்பார். நடப்பவரை "தொல்லை" என்று எழுதுவார்கள். எங்கள் ஹோமில் இரவுச் சமையலறையைப் பூட்டக் கூடாது என்று சொன்ன பிறகு ரொட்டியும் ஜாமும்தான் முதலில் தீர்ந்தன.

நேரம் கிடைக்கும்போது ஒருநாள் இரவு 9:30க்குப் போய்ப் பாருங்கள். சண்டை போட அல்ல. அட்டெண்டருக்கு ஒரு டீ வாங்கிக்கொண்டு போங்கள், அவரோடு பேசுங்கள். எத்தனை பேரைத் தனியாகப் பார்க்கிறார் என்று அவர் வாயாலேயே வரும்.

நியூஜெர்சி_அத்தை | 15 ஜனவரி, காலை 4:20

இங்கே அமெரிக்காவில் நர்சிங் ஹோம்களுக்கான கூட்டரசு விதியிலேயே, தூங்கும் நேரத்தையும் விழிக்கும் நேரத்தையும் தேர்ந்தெடுப்பது அங்கே இருப்பவரின் உரிமை என்று எழுதியிருக்கிறது. 1987 சீர்திருத்தச் சட்டத்தின் வழியில் வந்த விதி. டெக்சாஸ் 2001லேயே அறையில் கேமரா வைக்கச் சட்டம் கொண்டுவந்தது. எழுத்தில் எல்லாம் இருக்கிறது. என் மாமியார் இருந்த இடத்தில் ஒருமுறைகூட யாரும் அவரிடம் "எத்தனை மணிக்கு எழுந்து பழக்கம்?" என்று கேட்கவில்லை. நாங்கள்தான் சொன்னோம்.

இரவுப்பணி_திருச்சி | 16 ஜனவரி, காலை 9:10

டியூட்டி முடிந்து வந்து எழுதுகிறேன். இப்போது இருக்கும் ஹோமில் எங்களை எப்படிக் கண்காணிக்கிறார்கள் என்று சொன்னால் யாருக்காவது உதவும்.

ஒவ்வொரு அறைக் கதவுக்குள்ளும் ஒரு சின்ன வில்லை இருக்கிறது. போனை அதில் தொட்டால்தான் பதிவு திறக்கும். அறைக்குப் போகாமல் நடையில் உட்கார்ந்துகொண்டு "2:00 பார்த்தேன், நலம்" என்று 17 பேருக்கும் எழுத முடியாது. பழைய ஹோமில் நாங்கள் அதைத்தான் செய்தோம். பதினேழு பதிவும் சரியாக 2:00 என்று இருக்கும். ஒரு மனிதன் ஒரே நிமிடத்தில் பதினேழு அறையில் எப்படி நிற்பான்? யாரும் கேட்டதில்லை.

ஆனால் இதிலும் ஒரு சிக்கல். போனைத் தொட வேண்டும் என்பதற்காக மணிக்கொரு தரம் கதவைத் திறந்தால் தூங்குகிறவர் விழித்துவிடுகிறார். டார்ச் வெளிச்சம் முகத்தில் படும், கீல் கிரீச்சிடும். எங்கள் மேலாளரிடம் சொன்னோம். இப்போது எல்லோருக்கும் மணிக்கொரு தரம் என்பது கிடையாது. படுக்கைப் புண் வரும் ஆபத்து உள்ள நாலு பேரைக் குறித்த நேரத்தில் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், அதில் சமரசம் இல்லை. மற்றவர்களுக்கு அவரவர் கேர் பிளானில் உள்ளபடி. ஒரு தாத்தா "ராத்திரி என் அறைக்குள் யாரும் வரக் கூடாது" என்று எழுதிக் கையெழுத்தே போட்டிருக்கிறார். அவர் கதவுக்கு வெளியே நின்று குறட்டை கேட்கிறதா என்று கேட்டுவிட்டுப் போவோம். டார்ச்சைத் தரையைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். கீலுக்கு எண்ணெய் போட்டார்கள். எண்ணெய் போட ஒரு நிமிடம்தான் ஆனது, அதைச் செய்ய இத்தனை வருடம் யாருக்கும் தோன்றவில்லை.

மேலாளர் மாதத்தில் ஒருமுறை சொல்லாமல் வருகிறார், ஒருநாள் 1 மணிக்கு, ஒருநாள் 5 மணிக்கு. வந்தால் பயமாக இருக்காது. கூடவே ஒருவரைத் திருப்பிப் படுக்க வைக்கக் கை கொடுப்பார். போகும்போது "இன்றைக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்பார். இரவில் வேலை செய்கிறவனிடம் அதற்கு முன் யாரும் அப்படிக் கேட்டதில்லை. மீட்டிங், பயிற்சி எல்லாம் பகல் 2 மணிக்குத்தான் வைப்பார்கள், எங்களுக்கு அது நடுராத்திரி மாதிரி.

ஈஸ்ட்ஹாம்_மருமகள் | 16 ஜனவரி, மதியம் 12:30

தம்பி, இதைத் தங்கைக்கு அனுப்பினேன். "எங்க மேலாளர் முகத்தை நான் பார்த்தே ஐந்து மாதம்" என்று பதில் வந்தது.

முன்னாள்_மேலாளர் | 16 ஜனவரி, இரவு 8:15

ஹரோ மகளுக்கு இன்னொன்று விட்டுப்போயிற்று. அப்பாவால் இப்போது சொல்ல முடியாது என்பதால் அவர் விருப்பம் இல்லாமல் போய்விடாது. 2005 மனத்திறன் சட்டத்தில், அப்படிப்பட்டவருக்காக முடிவெடுக்கும்போது அவருடைய கடந்தகால விருப்பங்களையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று இருக்கிறது. 22 வருடம் டில்லில் நின்றதும், அம்மா 10 மணிவரை கிரைண்டரைப் போடாததும் அதற்கு நல்ல சான்று. கூட்டத்தில் அப்படியே சொல்லுங்கள். "எழுப்ப வேண்டாம்" என்று மட்டும் எழுத விடாதீர்கள். நனைந்திருந்தால் என்ன செய்வது, தானாக எழுந்தால் என்ன செய்வது, 3 மணிக்கு விழித்திருந்தால் யார் கூட இருப்பது, இவ்வளவும் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த இரவுப் பெண்ணின் தலையில்தான் விடியும்.

ஹரோ_மகள் | 22 பிப்ரவரி, இரவு 10:30

நடந்ததைச் சொல்லாமல் விட்டால் சரியில்லை என்று திரும்ப வந்தேன்.

புகாரை எழுத்தில் கொடுத்தேன், விதி எண்களோடு. நான்கு நாளில் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். மேலாளர் முதலில் அப்படி ஒரு பட்டியல் இல்லை என்றார். பிறகு அவரே ஒருநாள் 5 மணிக்குப் போயிருக்கிறார். அடுத்த கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசும்போது குரல் மாறியிருந்தது.

அப்பாவின் கேர் பிளானில் தூக்கம் பற்றி இப்போது முழுப் பக்கம் இருக்கிறது. 10 மணிக்கு முன் எழுப்ப வேண்டாம். நனைந்திருந்தால் சின்ன விளக்கில் மாற்றி, போர்த்திவிடவும். இரவு 1 மணிக்கு விழித்திருப்பது அவருக்குக் "அமைதியின்மை" அல்ல, அது அவருடைய வேலை நேரம். இந்தக் கடைசி வரியை நான்தான் அப்படியே எழுதச் சொன்னேன்.

போன வெள்ளி இரவு 11:30க்குப் போனேன். அப்பா நித்திரை இல்லை. லவுஞ்சில் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்தபடி ஜன்னல் ஓரம் இருந்தார். பக்கத்தில் அதே இரவுப் பணிப் பெண் டேப்லெட்டில் பதிவு எழுதிக்கொண்டிருந்தார். மேசையில் ஒரு கிண்ணம் நிறையச் சில்லறை. அப்பா அதை எடுத்து, பத்துப் பென்ஸ், இருபது பென்ஸ் என்று அடுக்கி அடுக்கி வைத்தார். வெளியே ஒரு கார் வெளிச்சத்தோடு திரும்பியது. "நாலாம் நம்பர் பம்ப்" என்று ஆங்கிலத்தில் அந்தப் பெண்ணிடம் சொன்னார். அவரும் "சரி, பார்த்துக்கொள்கிறேன்" என்றார். சில்லறை யார் யோசனை என்று கேட்டேன். தன்னுடையதுதான், வீட்டில் இருந்து கொண்டுவந்தேன் என்று சொன்னார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன், வேறு ஒன்றும் சொல்ல வரவில்லை.

இனி மற்றப் பக்கம். காலைச் சாப்பாட்டை 10:30 வரை நீட்ட இன்னும் சம்மதிக்கவில்லை, "பார்க்கலாம்" என்கிறார்கள். அப்பாவுக்கு மட்டும் தனியாக எடுத்து வைக்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை 6 மணிக்குப் போய்ப் பார்த்தேன். அப்பாவின் கதிரை காலி. மற்றக் கதிரைகளில் எட்டுப் பேர் இருந்தார்கள்.

இரவுப்பணி_திருச்சி | 23 பிப்ரவரி, காலை 9:25

அக்கா, அந்த எட்டுப் பேரின் வீட்டார் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?

ஹரோ_மகள் | 23 பிப்ரவரி, மதியம் 1:10

இரண்டு பேரைத் தெரியும். ஒருவரின் மகன் ஞாயிறு பின்னேரம் வருவார். இந்த ஞாயிறு நான் அவருக்காகக் காத்திருக்கப் போகிறேன்.